ஒரு மில்லிமீட்டர் ஆழத்தில் ஒரு தோட்டம்

மாமரத்தில் முசுறு ஏறியிருந்தால் கிட்டே போகவே தயங்குவோம். இலைகளை இழுத்துச் சேர்த்து, தன் புழுக்கள் சுரக்கும் பட்டால் ஒட்டிக் கூடு கட்டி, கிளை நெடுகக் காவல் நிற்கும் சிவப்பெறும்பு அது. அந்தக் கூட்டத்துக்குச் சற்று விலகி, இலை நுனியில் ஒன்று மட்டும் தனியாக நிற்கும். நிறம் முசுறு நிறம், நடையும் முசுறு நடை. மேக்ரோ லென்ஸ் வழியாகப் பார்க்கும்போதுதான் விஷயம் தெரியும். உணர்கொம்பு என்று நாம் நினைத்தது மேலே தூக்கி ஆட்டும் முன்னங்கால்கள். எண்ணிப் பார்த்தால் கால்கள் எட்டு. முகத்தில் இரண்டு பெரிய கண்கள் நேராக நம்மைப் பார்க்கின்றன. அது குதிக்கும் சிலந்தி இனங்களில் ஒன்று. முசுறைத் தொடப் பயப்படும் பறவையும் பல்லியும் தன்னையும் தொடாது என்பதுதான் இந்த வேடத்தின் பயன். ஆணின் தாடைகள் முன்னால் நீண்டு, நுனியில் தடித்து, ஓர் எறும்பு இன்னொன்றைக் கவ்விச் செல்வதுபோலவே இருக்கும். அதே மரத்தில் வேறொரு வேடதாரியும் உண்டு. அது நண்டுச் சிலந்தி. வயிற்றின் பின்முனையில் உள்ள இரண்டு கரும்புள்ளிகள் எறும்பின் கண்களைப்போலத் தெரியும். இது முசுறையே பிடித்துத் தின்னும்.

தோட்டத்துச் சிற்றுயிர்களை நெருங்கிப் படமெடுக்கும் பழக்கம் கடந்த பதினைந்து இருபது ஆண்டுகளில் நம்மூரில் வேகமாகப் பரவியிருக்கிறது. அதன் பயன் என்ன என்ற கேள்விக்கு இரண்டு பதில்கள் இருக்கின்றன. ஒரு சாரார் அதைக் கலையாகப் பார்க்கிறார்கள். கூர்மையும் நிறமும் பின்னணியும் அமைந்துவிட்டால் அவர்களுக்குப் போதும். இன்னொரு சாரார் அதை ஆவணமாகப் பார்க்கிறார்கள். எந்த இனம், எந்த ஊர், எந்தத் தேதி என்பதே அவர்கள் கணக்கு. என் கருத்து இரண்டிலிருந்தும் கொஞ்சம் விலகியது. ஒரு பூச்சி எந்தச் செடியில், யாரோடு, என்ன செய்துகொண்டிருந்தது என்பதைக் காட்டும் படமே இந்தத் துறையின் உண்மையான சொத்து. மற்ற இரண்டும் அதற்குத் துணை நிற்பவை.

முதலில் மேக்ரோ என்றால் என்ன என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளலாம். விளம்பரங்களில் கிட்டத்தில் எடுத்த எல்லாப் படமும் மேக்ரோதான். தொழிலில் இருப்பவர்கள் சொல்லும் பொருள் வேறு. பொருளின் அளவும் சென்சாரில் விழும் பிம்பத்தின் அளவும் ஒன்றாக இருந்தால் அது ஒன்றுக்கு ஒன்று. மேக்ரோ அங்கேதான் தொடங்குகிறது. ஃபுல் ஃபிரேம் சென்சாரின் அகலம் 36 மில்லிமீட்டர். ஒன்பது மில்லிமீட்டர் நீளமுள்ள முசுறு இந்த அளவில் படத்தின் கால்வாசி அகலத்தைத்தான் நிரப்பும். அதன் முகத்தை மட்டும் காட்ட வேண்டுமானால் மூன்று நான்கு மடங்கு உருப்பெருக்கம் வேண்டும். 1999இல் வெளிவந்த கேனனின் 65 மில்லிமீட்டர் லென்ஸ் ஐந்து மடங்கு வரை போகும். ஆட்டோ ஃபோகஸ் அதில் கிடையாது. ஐந்து மடங்கில் லென்ஸின் முனைக்கும் பூச்சிக்கும் நடுவே நான்கு சென்டிமீட்டர் இடைவெளிதான் மிஞ்சும். அந்த இடைவெளிக்குள் வெளிச்சத்தையும் நுழைக்க வேண்டும், பூச்சியும் பயப்படக் கூடாது.

இந்த ஆசை கேமராவுக்கு முந்தியது. 1665இல் லண்டனில் ராபர்ட் ஹூக் வெளியிட்ட மைக்ரோகிராஃபியா நூலில் நுண்ணோக்கி வழியாகப் பார்த்து வரைந்த தெள்ளுப்பூச்சியும் ஈயின் கண்ணும் இருக்கின்றன. ஒளிப்படம் வந்த பிறகும் நெடுங்காலம் பூச்சி செத்துத்தான் படத்துக்குள் வந்தது. அமெரிக்கத் தாவர ஆய்வாளர் டேவிட் ஃபேர்சைல்டும் அவர் மனைவி மரியனும் 1914இல் வெளியிட்ட ‘புக் ஆஃப் மான்ஸ்டர்ஸ்’ தொகுப்பை இன்று பார்த்தாலும் வியப்பாக இருக்கும். தங்கள் வீட்டுத் தோட்டத்தில் கிடைத்த வெட்டுக்கிளி, சிலந்தி, வண்டுகளை நீண்ட பெல்லோஸ் கேமராவால் பெரிதாக்கி எடுத்தார்கள். வெளிச்சம் போதாமல் வெகுநேரம் ஷட்டரைத் திறந்து வைக்க வேண்டியிருந்த காலம் அது. உயிருள்ள பூச்சி அவ்வளவு நேரம் அசையாமல் நிற்காது.

அந்தத் தடையை உடைத்தது எலெக்ட்ரானிக் ஃபிளாஷ். 1930களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஹரால்ட் எட்ஜெர்ட்டன் அதை வளர்த்தெடுத்தார். ஆங்கிலேய ஒளிப்படக்காரர் ஸ்டீஃபன் டால்டன் அதைப் பூச்சிகளின் பறத்தலுக்குக் கொண்டுவந்தார். பூச்சி ஒளிக்கற்றையைக் கடக்கும் கணத்தில் கேமரா தானே இயங்கும்படி அமைத்து, நொடியில் இருபத்தையாயிரத்தில் ஒரு பங்கு நேரமே எரியும் ஃபிளாஷால் எடுத்த படங்களை 1975இல் ‘போர்ன் ஆன் தி விண்ட்’ என்ற நூலாக்கினார். தட்டானும் கண்ணாடி இறக்கைப் பூச்சியும் காற்றில் எப்படித் திரும்புகின்றன என்பதை அந்தப் படங்களில்தான் பலர் முதன்முதலாகப் பார்த்தார்கள். இந்தத் துறையில் எனக்கு மிக உயர்ந்ததாகப் படும் வேலை அதுதான். பூச்சியின் வடிவத்தோடு அதன் செயலும் அங்கே பதிவாகிறது.

இன்று தோட்டத்தில் இறங்கும் எவருக்கும் முதல் எதிரி ஆழம்தான், அதாவது ஒரே நேரத்தில் கூர்மையாகத் தெரியும் பகுதியின் தடிமன். ஃபுல் ஃபிரேமில் ஒன்றுக்கு ஒன்று அளவில், அப்பர்ச்சர் 11இல் அது ஏறத்தாழ 1.3 மில்லிமீட்டர். இரண்டு மடங்குக்குப் போனால் அரை மில்லிமீட்டர். ஐந்து மடங்கில் அப்பர்ச்சர் 5.6 வைத்தால் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அப்பர்ச்சரை இன்னும் மூடினால் ஆழம் கூடுமே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். உருப்பெருக்கம் கூடக் கூட, லென்ஸில் எழுதியிருக்கும் எண்ணைவிடச் செயலில் உள்ள எண் பெரிதாகிவிடும். ஒன்றுக்கு ஒன்றில் 11 என்பது 22ஆக வேலை செய்யும். ஐந்து மடங்கில் அதே 11 ஏறத்தாழ 66. சிறு துளை வழியே போகும் ஒளி சிதறுவதால் படம் முழுக்க மங்கிவிடும். ஆழம் வேண்டுமா கூர்மை வேண்டுமா என்ற இந்தப் பேரத்தை எந்த விலை லென்ஸாலும் தவிர்க்க முடியாது. அது ஒளியின் இயல்பு. அதனால்தான் அனுபவசாலிகள் விலங்கின் உடல் எந்தத் தளத்தில் நீள்கிறது என்று பார்த்து, கேமராவை அதற்கு இணையாகப் பிடிக்கப் பழகுகிறார்கள். பக்கவாட்டில் எடுத்தால் ஊசித்தட்டான் தலை முதல் வால் வரை ஒரே தளத்தில் கிடைக்கும். முன்னிருந்து எடுத்தால் கண் மட்டும்தான் மிஞ்சும்.

வெளிச்சத்தின் கணக்கும் இதோடு வருகிறது. ஒன்றுக்கு ஒன்றில் சென்சாருக்குச் சேரும் ஒளி நான்கில் ஒரு பங்காகிவிடுகிறது. அதனால் பெரும்பாலோர் ஃபிளாஷையே நம்புகிறார்கள். குறைந்த பவரில் அது நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக எரிவதால் கை நடுக்கமும் காற்றின் ஆட்டமும் படத்தில் தெரியாது. நேரடி ஃபிளாஷின் வெளிச்சம் கடுமையாக இருக்கும். வண்டின் முதுகில் வெள்ளைத் திட்டு விழுந்து நிறமே போய்விடும். ஆகவே வெளிச்சத்தை மென்மையாக்கும் டிஃப்யூசர் வேண்டும். தெர்மாகோல் தாள், மெல்லிய வெள்ளைத் துணி, பால்போல் வெளுத்த பிளாஸ்டிக் என்று கையில் கிடைத்ததை வளைத்து ஒட்டி நம் இளைஞர்கள் செய்யும் டிஃப்யூசர்கள் கடையில் வாங்குவதற்குச் சளைத்தவை அல்ல. லென்ஸுக்கும் இதே கதைதான். பழைய 50 மில்லிமீட்டர் லென்ஸைத் திருப்பிப் பொருத்தும் ரிவர்ஸ் ரிங், எக்ஸ்டென்ஷன் டியூப், லென்ஸின் முன்னால் கவ்விக்கொள்ளும் ரேனாக்ஸ் 250 ஆகியவைதான் பலருக்குக் கதவைத் திறந்தவை. மொபைலில் மாட்டும் க்ளிப் லென்ஸையும் குறைத்துச் சொல்ல மாட்டேன். சிறிய சென்சாருக்கு ஆழம் கூடுதலாகக் கிடைக்கும். பூச்சிக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் அருகில் போக வேண்டியிருப்பதுதான் அதன் குறை.

ஆழத்தின் தடையைத் தாண்டக் கண்டுபிடித்த வழி ஃபோகஸ் ஸ்டாக்கிங். ஃபோகஸைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து, ஒவ்வொன்றின் கூர்மையான பகுதியையும் மென்பொருளால் ஒன்றாக இணைப்பது. இதன் உச்சம் 2016இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்ட லெவன் பிஸ்ஸின் ‘மைக்ரோஸ்கல்ப்சர்’ கண்காட்சி. அருங்காட்சியகப் பூச்சிகளின் உடலைப் படமெடுப்பதற்காகப் பல பகுதிகளாக வகுத்துக்கொண்டு, ஒவ்வொரு பகுதிக்கும் தனி வெளிச்சம் அமைத்து, ஒரு படத்துக்கு எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட கிளிக்குகளைச் சேர்த்தார் அவர். சுவரளவு பெரிதாக்கினாலும் ரோமக்கால் வரை தெரியும். அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையின் தேனீ ஆய்வகத்தில் சாம் ட்ரோஜ் குழுவினர் பிடித்த தேனீக்களைச் சோப்பு நீரில் கழுவி, உலர்த்தி, கறுப்புப் பின்னணியில் எடுத்துவருகிறார்கள். அந்தப் படங்களை யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். தேனீயின் உடலில் ரோமம் எப்படிக் கிளைக்கிறது, மகரந்தம் எங்கே ஒட்டுகிறது என்பதைக் கற்க அதைவிட நல்ல பாடநூல் இல்லை.

இவையெல்லாம் மதிப்புள்ளவை. ஆனாலும் தோட்டத்தில் எடுக்கும் படத்துக்கு இவற்றையே முன்மாதிரியாகக் கொள்வதை நான் ஏற்க மாட்டேன். பூச்சியை இலையிலிருந்து பிரித்துக் கறுப்பின்மேல் வைத்துவிட்டால் அது உண்ட செடி, அதை உண்ண வந்த விலங்கு, அது நின்ற உயரம் எல்லாம் போய்விடுகின்றன. கொஞ்சம் கூர்மை குறைந்தாலும், கடிபட்ட இலை ஓரத்தோடு கிடைக்கும் புழுவின் படம் எனக்குப் பெரிது.

படம் ஆவணமாக எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு இரண்டு சம்பவங்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம். மலேசியாவின் சிலாங்கூரில் ஹொக் பிங் குவெக் என்ற ஒளிப்படக்காரர் ஒரு கண்ணாடி இறக்கைப் பூச்சியைப் படமெடுத்து ஃபிளிக்கரில் போட்டிருந்தார். இறக்கையின் அடிப்பகுதியில் கறுப்பு நரம்பு வலை. கலிஃபோர்னியாவில் இருந்த பூச்சியியலாளர் ஷான் விண்டர்ட்டன் தற்செயலாக அதைப் பார்த்து, தனக்குத் தெரிந்த எந்த இனத்தோடும் ஒத்துப்போகவில்லை என்பதைக் கண்டார். ஆனால் படத்தை வைத்து மட்டும் பெயர் சூட்ட அவர் விரும்பவில்லை. குவெக் மறுபடி அதே பகுதியில் தேடி ஒரு பூச்சியைப் பிடித்து லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார். அங்கே பல ஆண்டுகளாகப் பெயரில்லாமல் கிடந்த ஒரு மாதிரியோடு அது பொருந்தியது. 2012இல் ‘செமாக்ரைசா ஜேட்’ என்ற பெயரோடு ஆய்வுத்தாள் வந்தது, ஒளிப்படக்காரரும் அதன் ஆசிரியர்களில் ஒருவர்.

மூன்று ஆண்டுகள் கழித்து, 2015இல், தென்னாப்பிரிக்காவில் தச்சன் தேனீயைப்போல வேடமிட்ட ஓர் ஈயைப் புதிய இனமாக அறிவித்தார்கள். ஆதாரம் படங்கள் மட்டும்தான், பிடித்துப் பாதுகாத்த உடல் இல்லை. பெரும் விவாதம் எழுந்தது. மறு ஆண்டு ஏறத்தாழ ஐந்நூறு அறிஞர்கள் கையெழுத்திட்டு, படத்தை மட்டும் வைத்து வகைப்படுத்துவது போதாது, தேவையும் இல்லை என்று எழுதினார்கள். அவர்கள் பக்கத்தில் வலுவான நியாயம் இருக்கிறது. சின்ன ஈக்கள், அந்துப்பூச்சிகள், வண்டுகள் பலவற்றை இனப்பெருக்க உறுப்பைப் பிரித்துப் பார்த்தால்தான் இனம் சொல்ல முடியும். படத்தில் மரபணுவும் கிடையாது. மறுபக்கத்தில், காட்டில் பூச்சி பிடிக்க அனுமதி தேவைப்படும் நம் நாட்டில், பட்டாம்பூச்சிகள் பல வனவிலங்குச் சட்டத்தின் அட்டவணைகளில் இருக்கும் நிலையில், சாதாரண மனிதர் கையில் உள்ள நேர்மையான கருவி கேமராதான். பெயர் சூட்டுவதற்குப் படம் போதாமல் போகலாம். ஆனால் ஓர் இனம் எங்கே எப்போது இருந்தது, எதைத் தின்றது என்று சொல்ல அது தாராளமாகப் போதும்.

அதற்கு எந்தக் கோணத்தில் எடுக்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். புல்வெளியில் திரியும் சிறிய நீலன் பட்டாம்பூச்சிகளை இறக்கையின் அடிப்பக்கப் புள்ளிகளை வைத்துத்தான் பிரிப்பார்கள். மேலிருந்து எடுத்த நீலப் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அடையாளத்துக்கு உதவாது. ஊசித்தட்டானுக்கு வால் நுனியில் உள்ள இணைப்புறுப்புகள் தெரிய வேண்டும். சிலந்திக்குக் கண்கள் எந்த வரிசையில் அமைந்திருக்கின்றன என்பது முக்கியம், வயிற்றின் அடிப்பக்கமும் கிடைத்தால் நல்லது. ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளங்களில் கணினியே பெயர் சொல்லிவிடுகிறது. அதை ஒரு யோசனையாக எடுத்துக்கொள்வதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பட்டாம்பூச்சிகளில் அது நன்றாகவே சொல்லும். சின்ன ஈயிலும் குளவியிலும் இங்கே இல்லாத இனத்தின் பெயரைக்கூடத் தரும்.

ஒரு தோட்டத்தில் எவ்வளவு இருக்க முடியும்? இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் ஜெனிஃபர் ஓவன் என்ற உயிரியலாளர் தன் வீட்டுத் தோட்டத்தை 1972 முதல் முப்பது ஆண்டுகள் கவனித்து 2,673 இனங்களைப் பதிவுசெய்தார். அவற்றில் 1,997 பூச்சிகள். அவர் பெரும்பாலும் பொறிவைத்துப் பிடித்தார். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் கொரோனா ஊரடங்குக் காலத்தில் ஒரே வீட்டில் தங்கியிருந்த மூன்று பேர், வீட்டையும் தோட்டத்தையும் ஓர் ஆண்டு படமெடுத்து 1,150 இனங்களைக் கணக்கிட்டார்கள். அதில் பட்டாம்பூச்சியும் அந்துப்பூச்சியும் மட்டும் நானூறுக்கு மேல். இரண்டுமே நகரத்துச் சாதாரண வீடுகள்.

நம் ஊரில் இதைச் செய்துபார்க்கத் தோட்டம்கூட வேண்டாம், சாலையோர எருக்கு போதும். இளந்தண்டில் மஞ்சள் அசுவினி அடையடையாக மொய்த்திருக்கும். நடுவே பழுப்பேறி உப்பிப்போன சில கிடந்தால், ஒட்டுண்ணிக் குளவி முட்டையிட்டு உள்ளே தின்று தீர்த்தவை அவை. பொறிவண்டின் புழுவும் மலர் ஈயின் புழுவும் அசுவினிக்காகவே அங்கே வந்திருக்கும். இலைக்கு அடியில் வெந்தய வரியன் பட்டாம்பூச்சி தனித்தனியாக இட்ட முட்டை, பெரிதாக்கினால் நெடுக வரிகளோடு தெரியும். அதிலிருந்து வரும் புழுவுக்குக் கறுப்பு, மஞ்சள், வெள்ளைப் பட்டைகளும் முதுகில் மூன்று இணை கறுப்பு இழைகளும் உண்டு. மஞ்சளும் நீலமுமாக எருக்கு வெட்டுக்கிளி. பூவுக்கு வரும் பெரிய தச்சன் தேனீயின் காலைக் கூர்ந்து எடுத்தால் மஞ்சள் நிறத்தில் சின்னஞ்சிறு பைகள் தொங்குவது தெரியலாம். அது எருக்கின் மகரந்தப் பொதி. அந்த ஒரு படம் இந்தத் தேனீ எருக்குக்கு மகரந்தம் சுமக்கிறது என்பதற்கு நேரடிச் சான்று. வெறும் கண்ணுக்கு அது ஒரு தூசு.

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். குளிர்நாட்டு நூல்கள் எல்லாம் விடிகாலையைப் பரிந்துரைக்கும், குளிரில் பூச்சி விறைத்து அசையாமல் இருக்கும் என்பதால். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் அது சரி. சமவெளியில் மார்கழி, தை தவிர மற்ற மாதங்களில் விடிவதற்குள் பூச்சி சுறுசுறுப்பாகிவிடுகிறது. இங்கே இரவுதான் நல்ல நேரம். டார்ச்சோடு வேலியோரம் நடந்தால் தட்டான்கள் குச்சிகளில் தொங்கும். வயிற்றில் நீலப்பட்டையுள்ள தேனீக்கள் காய்ந்த தண்டைத் தாடையால் கவ்விக்கொண்டு, கால்களை மடக்கி, ஒன்றன்கீழ் ஒன்றாகத் தூங்கும். உடல் முழுவதும் அந்தக் கடியில்தான் நிற்கிறது. பட்டாம்பூச்சியும் அசையாமல் இருப்பதால் இறக்கைச் செதில்கள் ஓடு வேய்ந்ததுபோல அடுக்கடுக்காக அமைந்திருப்பதைப் பொறுமையாக எடுக்கலாம்.

இனி ஒழுங்குமுறை. பூச்சியை ஃபிரிட்ஜில் வைத்து விறைக்கச் செய்து, பூவில் ஒட்டவைத்து எடுக்கும் வழக்கம் இருக்கிறது. தவளையை நூலால் கட்டிக் குடைபிடிக்க வைப்பதுபோன்ற வேலைகளும் நடக்கின்றன. அவை பொய்யும் கொடுமையும் கலந்த படங்கள். அவற்றுக்குப் பரிசு தருவோரும் அந்தக் கொடுமையில் பங்காளிகள். வெள்ளைத் துணி கட்டி விளக்கு வைத்து அந்துப்பூச்சி பார்ப்பவர்கள் விடியுமுன் விளக்கை அணைத்துத் துணியை உதறிவிட வேண்டும். இல்லாவிட்டால் கரிச்சானும் கொண்டைக்குருவியும் வந்து அத்தனையையும் தின்றுபோகும். படமெடுப்பதற்காக இலைச்சுருளைப் பிரித்தால் உள்ளிருக்கும் புழு எறும்புக்கு இரையாகும். அரிய உயிர்களின் இடத்தைத் துல்லியமாகப் பொதுவில் வைப்பதும் ஆபத்து. ஆந்திரத்தின் நீல நிற மரச் சிலந்தி உலகம் முழுக்க வளர்ப்புச் சந்தையில் விலைபோகிறது. அந்தப் பேரினம் முழுவதையும் 2019இல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்க வேண்டியதாயிற்று.

இந்தியாவில் பட்டாம்பூச்சி 1,300 இனங்களுக்கு மேல், அந்துப்பூச்சியோ பத்தாயிரத்தைத் தாண்டும். படமெடுப்பவர்களின் கணக்கு இதற்கு நேரெதிராக இருக்கிறது, பெரும்பாலோர் பட்டாம்பூச்சியின் பின்னால் போகிறார்கள். 2012இல் அமெரிக்காவில் தொடங்கிய தேசிய அந்துப்பூச்சி வாரத்தால் இந்தச் சாய்வு இங்கேயும் சற்றுக் குறைந்திருக்கிறது. இன்னும் காலியாகக் கிடக்கும் இடம் ஒட்டுண்ணிக் குளவிகள். கறிவேப்பிலையிலோ எலுமிச்சையிலோ ஒரு புழு மந்தமாகி, அதன் உடலை ஒட்டி அரிசிமணியைவிடச் சிறிய வெண்ணிறப் பட்டுக்கூடுகள் தோன்றுவதைத் தோட்டம் வைத்திருக்கும் பலர் பார்த்திருப்பார்கள். முட்டைகள் என்று நினைத்து விட்டுவிடுகிறோம். உண்மையில் புழுவின் உள்ளே வளர்ந்து வெளிவந்த குளவிகளின் கூடுகள் அவை. அந்தக் கிளையைத் துளையிட்ட ஒரு கண்ணாடிப் புட்டியில் வைத்தால் சில நாட்களில் குளவிகள் வெளியே வரும். செடி, புழு, கூடுகள், வெளிவந்த குளவியின் முகமும் இறக்கை நரம்பும் என நான்கு படங்களைத் தேதியோடு ஒரே வரிசையாகப் பதிந்தால், யார் யாரைத் தின்று வாழ்கிறார் என்ற மூன்று உயிர்களின் உறவு ஆவணமாகிறது. நம் தோட்டப் பயிர்களின் பெரும்பாலான புழுக்களுக்கு இப்படியொரு பட வரிசையை இனிமேல்தான் எடுக்க வேண்டும்.